ஒரு கைக்கான அளவுகோல்

ஆகஸ்ட் 4

பொறுப்பாளர்,
உதவிக் கருவிகள் இரவல் மையம்.

அம்மையீர்,

கை, கால், கண், காது இவற்றில் குறை நேர்ந்தவர்களுக்குப் பொருத்தமான கருவிகளை உங்கள் மையம் தேடித் தருவதாகவும், இரண்டு வாரம் இரவலாகக் கொடுத்துப் பழக விடுவதாகவும் மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் படித்தேன்.

நான் ஐம்பத்தொரு வயதுக் கணித ஆசிரியன். சென்ற ஜனவரியில் பக்கவாதம் வந்தது. கால் திரும்பிவிட்டது, பேச்சு திரும்பிவிட்டது, வலது கை மட்டும் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட உறவுக்காரன் மாதிரி எங்கே போனாலும் கூடவே வருகிறது. ஒரு வேலையும் செய்வதில்லை.

ஒரே கையால் சட்டைப் பட்டன் போட ஏதோ கொக்கி இருக்கிறதாம். அதை அனுப்பவும்.

தினம் ஒரு பக்கம் இடது கையால் எழுத வேண்டும் என்பது வைத்தியர் உத்தரவு. இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆனது. ஆகவே தொலைபேசியில் அழைக்க வேண்டாம். பதிலை எழுத்தில் தரவும்.

இந்த மையத்தின் பொறுப்பாளர் என் உடன்பிறந்த தங்கை என்பதும், எங்களுக்குள் ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சில்லை என்பதும் இந்த விண்ணப்பத்துக்குத் தொடர்பில்லாத செய்திகள்.

விண்ணப்பதாரர்


ஆகஸ்ட் 9

மதிப்பிற்குரிய விண்ணப்பதாரர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கேட்டதை உடனே எடுத்து அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. முதலில் படிவம். அதில் தெரிந்ததையெல்லாம் நானே நிரப்பிவிட்டேன். வயதில் ஒன்று குறைத்துச் சொல்லியிருந்தீர்கள், திருத்திவிட்டேன். நான்காவது கேள்விக்கு மட்டும் தாங்கள்தான் பதில் எழுத வேண்டும்: "நேற்று எந்த வேலையைப் பாதியில் விட்டீர்கள்?"

என்ன கருவி வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் எங்கேயோ கேள்விப்பட்ட ஒன்றைச் சொல்கிறார்கள். பாதியில் விட்ட வேலையைச் சொன்னால்தான் எங்களால் தேட முடியும்.

இன்னொரு விதி: ஆளைக் கேட்காமல், இடத்தை அளக்காமல் இங்கிருந்து ஒரு பொருளும் வெளியே போகாது. இது எப்படி வந்தது என்று தங்களுக்குத் தெரியும். கட்டையூன்றி நடக்கிற தங்கைக்கு நல்லது செய்கிறேன் என்று ஓர் அண்ணன் சக்கர நாற்காலி வாங்கி அனுப்பினான். நாற்காலி இருபத்தேழு அங்குல அகலம். அவள் வீட்டுக் கதவு இருபத்தைந்து.

அலுவல் முடிந்தது. இனி நான்.

அண்ணா, கை வலிக்கிறதா, மரத்துக் கிடக்கிறதா? அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு தடவை பஸ் நிலையம் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பிவிடுவாயோ என்று பயம். உன் எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. உன் பழைய எழுத்து எப்போதும் திட்டுகிற மாதிரியே இருக்கும்.

தங்கை


ஆகஸ்ட் 17

பொறுப்பாளருக்கு,

நான்காம் கேள்விக்குப் பதில்: புத்தகத்தில் பக்கம் திருப்புவதைப் பாதியில் விட்டேன். ஆகவே பட்டன் கொக்கியுடன் ஒரு புத்தகத் தாங்கியும் தேவை.

நாற்காலியை நீயே இழுத்துவிட்டதால் என் பக்கத்தையும் எழுதுகிறேன். கதவை அளக்காதது தவறு. அன்றே ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் மறு வாரமே அதைப் பக்கத்துத் தெருவில் யாருக்கோ கொடுத்துவிட்டாய். அதோடாவது நின்றாயா? பெரியப்பா வீட்டில் முப்பது பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "கணக்கு வாத்தியாருக்கு ஒரு கதவை அளக்கத் தெரியலை" என்றாய். முப்பது பேரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அன்று முதல் சொந்தத்தில் என் பெயர் "கதவு". "கதவு கிளம்பியாச்சா?" "கதவுக்குச் சர்க்கரை இல்லாம ஒரு காபி." போன வருஷம் புதிதாக வந்த மருமகள் ஒருத்தி, அதுதான் என் பெயர் என்று நினைத்து "கதவு மாமா" என்று மரியாதையாகக் கூப்பிட்டாள்.

பட்டன் விஷயம் அவசரம். இப்போது உன் அண்ணிதான் போட்டுவிடுகிறாள். சும்மா போடுவதில்லை. "இருபத்தஞ்சு வருஷத்துல என் முகத்தை இவ்வளவு கிட்டத்துல என்னைக்காவது பார்த்திருக்கீங்களா?" என்கிறாள். அடுத்த பட்டனுக்கு அடுத்த கேள்வி. ஒரு மனிதனால் தினமும் காலையில் ஆறு பட்டனுக்குப் பதில் சொல்ல முடியாது.

அண்ணன்


ஆகஸ்ட் 23

அண்ணா,

பட்டன் கொக்கி இதோடு வருகிறது. கைப்பிடியை இடது கையில் பிடி. கம்பி வளையத்தைப் பட்டன் துளை வழியாக உள்ளே விட்டு, பட்டனின் கழுத்தைப் பிடித்து வெளியே இழு. முதல் நாள் ஒரு பட்டனுக்கு ஐந்து நிமிடம் ஆகும், எரிச்சல் வரும், கொக்கியை எறிவாய். பரவாயில்லை, உடையாது.

பக்கம் திருப்புவது என்று நீ எழுதியது பொய். என் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நானே திருப்பிப் பார்த்தேன், நன்றாக வருகிறது. உண்மையைச் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. சரி, நானே யோசித்து ஒரு பெட்டி அனுப்புகிறேன். ஆட்டி ஆட்டி வெட்டுகிற பிறைக் கத்தி, காய் நகராமல் குத்தி நிறுத்துகிற ஆணிப் பலகை, கட்டவே வேண்டாத எலாஸ்டிக் ஷூ கயிறு, தட்டு வழுக்காத ரப்பர் விரிப்பு, முதுகு தேய்க்க வளைந்த பிரஷ், பாட்டில் மூடி திறக்கிற கவ்வி. விதியை மீறுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. அண்ணன் என்றால் கை நிற்க மாட்டேன் என்கிறது.

"கதவு" என்று நான் ஒரு தடவைதான் சொன்னேன். மீதியைச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஒரு தடவை தப்புதான். அந்த நாற்காலி நான்கு நாள் என் வாசலுக்கு வெளியே நின்றது, நான் உள்ளே இருந்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் "யார் வந்திருக்காங்க?" என்று கேட்டார்கள். ஐந்தாம் நாள் கொடுத்துவிட்டேன். என்ன வேண்டும் என்று நீ என்னைக் கேட்டிருந்தால் கைப்பிடிக்கு மெத்து வைத்த ஒரு ஜோடி ஊன்றுகட்டை கேட்டிருப்பேன். அவ்வளவுதான் என் தேவை.

தங்கை


செப்டம்பர் 1

தங்கச்சி,

பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். யாரையும் கேட்காமல் பொருள் அனுப்புவது நம் வீட்டு வியாதி என்று இப்போது தெரிகிறது. எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியில் ஆணிப் பலகையும் பிறைக் கத்தியும் இருக்காது. அவற்றை உன் அண்ணி ஒளித்து வைத்துவிட்டாள். நடந்தது இதுதான்: அவள் கடைக்குப் போயிருந்தபோது, சும்மா பார்க்கலாமே என்று ஒரு வெங்காயத்தை ஆணியில் குத்தினேன். கத்தியை ஆட்டினேன். வெட்டியது. இன்னொன்றை எடுத்தேன். அவள் வந்தபோது ஒன்பது வெங்காயம் பொடிப்பொடியாகக் கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு வெங்காயம் நறுக்கியதில்லை. "ரெண்டு கையும் இருந்தப்ப இந்த அறிவு எங்க போச்சு?" என்றாள். இப்போது தினம் காய் நறுக்குவது என் வேலை. இதற்கு நீதான் பொறுப்பு.

பட்டன் கொக்கி பரவாயில்லை. இரண்டு தடவை எறிந்தேன். இப்போது ஆறு பட்டனுக்கு நான்கு நிமிடம்.

நான்காம் கேள்விக்கு உண்மையான பதில் இது. ஆகஸ்ட் 14-ஆம் தேதி பள்ளிக்கூடத்துக்குப் போனேன். விடுப்பு முடிகிறது, அக்டோபரில் வேலைக்கு வருகிறேன் என்று தலைமையாசிரியை அறையில் போய்ச் சொன்னேன். அந்த அம்மாளைப் பற்றி உனக்குத் தெரியாது. பதினைந்து வருஷமாக என்னை ஓரங்கட்டக் காத்திருக்கிறவள். ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "ஒரு முக்கோணம் வரைஞ்சு காட்டுங்க சார்" என்றாள். அளவுகோலை வைத்தேன். பென்சிலை எடுக்கக் கையை எடுத்தால் அளவுகோல் நகர்ந்தது. பென்சில் பட்டதும் மறுபடி நகர்ந்தது. மூன்று தடவை. அவள் தன் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து அளவுகோல் மேல் வைத்தாள், குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுகிற மாதிரி. நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். நான் பாதியில் விட்ட வேலை அதுதான்.

அக்டோபர் 12 அன்று, கல்வி அதிகாரி முன்னால், ஒன்பதாம் வகுப்புக்கு நாற்பது நிமிடம் வடிவியல் நடத்திக் காட்ட வேண்டுமாம். வரைய ஓர் உதவியாளர் வைத்துக்கொள்ளலாமாம். முடியாவிட்டால் நூலகத்துக்கு மாற்றுவார்களாம். இன்னொருவன் கோடு போட, நான் குச்சியால் தொட்டுக் காட்டுவதற்குப் பெயர் பாடமா? கரும்பலகையில் நானே ஒரு கையால் கோடு போட வேண்டும், வட்டம் போட வேண்டும். அதற்கு ஒரு கருவி இருந்தால் சொல். இல்லாவிட்டாலும் சொல். நூலகத்தில் தூசி தட்ட உன் பெட்டியில் ஏதாவது இருக்கும்.

அண்ணன்


செப்டம்பர் 6

அண்ணா,

முதலில் மன்னிப்பு, பெட்டிக்காக. இரண்டாவது, ஆணிப் பலகைக்கு அண்ணி பெயரில் தனிப் படிவம் போட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை எங்கள் பட்டறைக்காரரிடம் படித்துக் காட்டினேன். ஒரு கையில் மூன்று விரல்தான் அவருக்கு. மீதி இரண்டை ஒரு மரமறுக்கும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. கேட்டுவிட்டு, "இதுவரைக்கும் சோறு, சட்டை, சோப்பு இதுக்குத்தான் செஞ்சிருக்கேன். முக்கோணத்துக்கு இப்பத்தான் கேக்கறாங்க" என்று அன்று முழுவதும் விசில் அடித்துக்கொண்டிருந்தார். நாலு நிறுவனப் பட்டியல்களைப் புரட்டிப் பார்த்தோம். மேசையில் வைத்து வரைய ஒற்றைக் கை அளவுகோல் இருக்கிறது. நிற்கிற பலகைக்கு எங்கேயும் இல்லை. நாங்களே செய்ய வேண்டும்.

அதற்கு நீ ஒரு வேலை செய்ய வேண்டும். பள்ளிக்குப் போ. பலகை எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், மேலே சட்டம் இருக்கிறதா, சட்டம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, எல்லாவற்றையும் அளந்து எழுது. மரமா, இரும்பா என்று ஒரு காந்தத்தை ஒட்டிப் பார். கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு நாடாவை மட்டும் எடுத்துக்கொண்டு போ.

தங்கை


செப்டம்பர் 13

தங்கச்சி,

பலகை மரம். உயரம் நான்கு அடி, அகலம் எட்டு அடி. மேலே சட்டம் முக்கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. இடது மூலையில் ஒரு வெடிப்பு, அதன் மேல் கோடு போட்டால் சாக்பீஸ் துள்ளும்.

இதற்காக நான் பள்ளிக்குப் போகத் தேவையில்லை. இருபத்திரண்டு வருஷம் என் முதுகுக்குப் பின்னால் நின்ற பலகை. அதை மாற்றித் தரும்படி பதினொரு மனு கொடுத்திருக்கிறேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. எல்லாவற்றையும் அந்த அம்மாள் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டியிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவள் கண் முன்னால் நாடாவை வைத்துக்கொண்டு ஒரு கையால் தடவிக்கொண்டு நிற்க நான் தயாரில்லை. அளவு சரி. செய்யச் சொல்.

அண்ணன்


செப்டம்பர் 21

அண்ணா,

நீ அளக்கவில்லை, சொன்னாய். அதைப் படிவத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன்: "அளவு: அண்ணன் வாய்மொழி."

ஆனாலும் செய்துவிட்டோம், எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. இதன் பெயர் தொங்கு அளவுகோல். மெல்லிய அலுமினியப் பட்டை, மூன்று அடி. மேலே இரண்டு கொக்கி பலகையின் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். பின்புறம் ரப்பர். வேண்டிய கோணத்துக்குத் திருப்பித் திருகாணியை முறுக்கினால் அப்படியே நிற்கும். உன் கை சாக்பீஸுக்கு மட்டும்.

வட்டத்துக்கு இன்னொரு பட்டை. ஒரு முனையில் ஊசி, மரத்தில் குத்துவதற்கு. அங்குலத்துக்கு ஒரு துளை, சாக்பீஸ் நுழைகிற அளவு. குத்து, நுழை, சுற்று.

ஒரு கையைக் கட்டிக்கொண்டு எல்லோரும் வரைந்து பார்த்தோம். மையத்தின் கணக்குப்பிள்ளை வரைந்த முக்கோணத்தைப் பார்த்துப் பட்டறைக்காரர், "ரெண்டு கையாலயும் உனக்கு இப்படித்தான் வரும்" என்றார். நேற்று இங்கே கண் தெரியாத ஒருவர் பேசும் கடிகாரம் வாங்க வந்தார். அவரும் தடவிப் பார்த்து ஒரு வட்டம் போட்டார். எங்கள் எல்லோருடையதையும்விட அவருடையதுதான் வட்டமாக இருந்தது.

தங்கை


அக்டோபர் 2

தங்கச்சி,

கருவி வந்தது. கூடத்து மர அலமாரிக் கதவின் மேல் விளிம்பில் மாட்டினேன். கோடு போட்டேன்.

நேர்க்கோடு. அலமாரியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. ஒன்பது மாதத்தில் முதல் நேர்க்கோடு. சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன், கிட்டப் போய்ப் பார்த்தேன். பிறகு அதற்கு ஓர் இணைகோடு. பிறகு செங்குத்து. உன் அண்ணி சமையலறையிலிருந்து வந்து, "என்ன சத்தமே காணோம், விழுந்துட்டீங்களோன்னு பார்த்தேன்" என்றாள். அவளை உட்கார வைத்து வட்டத்தின் தொடுகோடு பற்றி இருபது நிமிடம் நடத்தினேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டாள், சரியான சந்தேகம்.

இப்போது தினம் இரண்டு மணி நேரம். "அலமாரியைத் திறந்தா முக்கோணம், மூடினா வட்டம், என் புடவை எல்லாம் சாக்பீஸ் தூள்" என்று முணுமுணுக்கிறாள். ஆனால் துடைப்பதில்லை. நேற்றைய அறுகோணத்தை இன்று காலை வரை அப்படியே விட்டிருந்தாள்.

உன் பட்டறைக்காரருக்கு என் வணக்கம். யாருக்கும் நான் நன்றி சொல்லிப் பழக்கமில்லை, ஆகவே இதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

அண்ணன்


அக்டோபர் 7

அண்ணா,

பள்ளிக்குப் போய்ப் பலகையைப் பார்த்தாயா? ஒரு வரி எழுது.

தங்கை


அக்டோபர் 14

தங்கச்சி,

உன் ஒரு வரிக் கடிதம் பத்தாம் தேதியே வந்துவிட்டது. பதில் எழுதவில்லை. ஏன் என்று கேட்காதே, இதைப் படித்தால் தெரியும்.

பன்னிரண்டாம் தேதி காலை. ஆறு பட்டனையும் நானே போட்டேன். தொங்கு அளவுகோலைத் துணிப்பையில் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குள் போனேன். நாற்பத்திரண்டு பேர். கடைசி வரிசையில் தலைமையாசிரியை, பக்கத்தில் குறிப்பேட்டுடன் கல்வி அதிகாரி. வணக்கம் சொல்லிவிட்டுப் பலகை பக்கம் திரும்பினேன்.

பச்சையாக ஒன்று நின்றது. வழவழவென்று, சுவரோடு சுவராக, புத்தம் புதிதாக. மேலே சட்டம் இல்லை. வேறு அறைக்குள் வந்துவிட்டேன் என்று நினைத்து வெளியே போய்க் கதவுக்கு மேலிருந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். சரியான அறைதான். வகுப்பு என்னையே பார்த்தது.

ஏதாவது பிடிமானம் இருக்கும் என்று கொக்கியை மாட்டிப் பார்த்தேன். அளவுகோல் வழுக்கி விழுந்தது. கல்யாண வீட்டில் தாம்பாளம் விழுந்தால் வருமே, அந்தச் சத்தம். வட்டம் போடும் பட்டையின் ஊசியைக் குத்தினேன், மடங்கியது. அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "யாராவது வந்து பிடிச்சுக்கலாமே" என்றார்.

தலைமையாசிரியை எழுந்தார். "சார், ஜூலையில பலகையை மாத்தினோம். உங்க பதினோராவது மனுவுக்கு அனுமதி வந்துச்சு. முதல் மனுவிலிருந்து ஒவ்வொண்ணையும் நான்தான் மேல அனுப்பிக்கிட்டே இருந்தேன். ஆகஸ்டுல வந்தப்ப நீங்களே வகுப்பைப் பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார்.

உடம்பு சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். நூலகம் அவ்வளவு மோசமான இடமும் இல்லை. ஆனால் கையில் சாக்பீஸ் இருந்தது. வகுப்பைப் பார்த்துச் சொன்னேன்: "இந்தப் பலகையை நான் அளக்கலை. வந்து பார்க்கக்கூட இல்லை. எனக்குத் தெரியாததான்னு வீட்டில உட்கார்ந்துக்கிட்டே அளவு சொல்லிட்டேன்."

முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், அளக்காம வரைஞ்சா அரை மார்க் போயிடும்." அது என் விதிதான். அளவு எழுதாத படத்துக்கும், நேராக இல்லாத கோட்டுக்கும் அரை மதிப்பெண் வெட்டுவேன். வகுப்பு சிரித்தது. அதிகாரி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. பலகையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தேன். ஊன்றிய கைக்குக் கீழே பலகை கிண்ணென்றது.

இரும்பு.

"அம்மா, உங்க அறையில இரும்பு அலமாரியில கால அட்டவணை ஒட்டியிருக்கிற காந்தம் எத்தனை?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் ஓடினார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிற பெண்மணி, தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்க ஓடினார். இரண்டு கையிலும் காந்தங்களோடு திரும்பி வந்தார். அட்டவணை அத்தனையும் தரையில் கிடக்கிறதாம், பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

பட்டறைக்காரரிடம் சொல்: அலுமினியம் மெல்லிசாக இருந்ததால் பிழைத்தேன். பட்டையைப் பலகையில் சாய்த்து, முழங்கையால் தாங்கி, மேலே ஒரு காந்தம், கீழே ஒரு காந்தம். அசையவில்லை. வட்டத்துக்கு, சின்ன உருண்டைக் காந்தம் ஒன்று சாக்பீஸ் துளையில் அச்சாக உட்கார்ந்துகொண்டது. ஒரே சுற்று. தொடங்கிய இடத்தில் கோடு வந்து சேர்ந்தபோது பின்பெஞ்சில் யாரோ கை தட்டினார்கள். நான் அதட்டவில்லை. அரைவட்டத்துக்குள் எந்த முக்கோணம் வரைந்தாலும் உச்சியில் செங்கோணம் வரும் என்று நிரூபித்தேன். மணி அடிக்க ஒரு நிமிடம் மீதி இருந்தது.

புதிய கால அட்டவணையைச் சாயங்காலம் அவரே கொண்டுவந்து கொடுத்தார். என் பழைய வகுப்புகள் ஐந்தும் இருக்கின்றன, கூடுதலாக ஒன்றும் இருக்கிறது. "நூலகத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன் சார்" என்றார். பதினைந்து வருஷமாக அவர் மேல் பத்திரமாக வளர்த்த வருத்தத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. நீயும் இல்லை, அவரும் இல்லை என்றால் நான் யாரோடுதான் பேசாமல் இருப்பது?

இன்னொரு விஷயம். எல்லோரும் போன பிறகு மூன்றாம் பெஞ்சின் ஓரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இடது கை பிறவியிலேயே மடங்கியிருக்கிறது, கைக்குட்டையால் மூடியே வைத்திருப்பாள். "சார், இது மாதிரி சின்னதா, நோட்டுல வைக்கிற மாதிரி கிடைக்குமா?" என்றாள். இதுவரை எப்படி வரைந்தாய் என்று கேட்டேன். "பக்கத்துல இருக்கிறவ அளவுகோலைப் பிடிச்சுக்குவா. பரீட்சையில பிடிக்க முடியாதே சார்" என்றாள்.

ஜனவரி வரை இரண்டு வருஷம் என் வகுப்பில் இருந்தவள். அவள் பரீட்சைத் தாளில் "கோடு நேராக இல்லை" என்று சிவப்பு மையில் எத்தனை தடவை எழுதி, எத்தனை அரை மதிப்பெண் வெட்டியிருப்பேன். அதை எழுதிய கை இப்போது வேலை செய்வதில்லை என்பது எனக்கு ஒரு நிம்மதி.

என்ன வேண்டும் என்று அவளையே கேட்டேன். எப்படிப் பிடிப்பாள், எங்கே வழுக்கும், மணிக்கட்டால் எவ்வளவு அழுத்த முடியும், எல்லாம் சொன்னாள். யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்த மாதிரி சொன்னாள். இன்று நோட்டு, பெஞ்சு, தன் மணிக்கட்டு மூன்றையும் அவளே அளந்து கொடுத்தாள், மில்லிமீட்டர் வரை. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

அண்ணன்


அக்டோபர் 20

அண்ணா,

உன் கடிதத்தை மையத்தில் உரக்கப் படித்தேன். அளவுகோல் விழுந்த இடத்தில் பட்டறைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காந்தம் வந்ததும் எழுந்து நின்றார். "மறுபடி படிங்க, அந்த அம்மா ஓடின இடத்திலிருந்து" என்றார். மூன்று தடவை படித்தேன். வாசலில் வந்து நின்ற தபால்காரர் உள்ளே வந்து உட்கார்ந்து முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

அந்தப் பெண் கொடுத்த அளவுத் தாளைப் பட்டறையில் சுவரில் ஒட்டியிருக்கிறோம். இவ்வளவு சுத்தமாக எங்களுக்கு யாரும் அளந்து கொடுத்ததில்லை. பித்தளையில் செய்தோம், கனம் இருந்தால்தான் நகராது. அடியில் ரப்பர் தாள். நடுவில் ஒரு சின்ன மேடு, அவள் மணிக்கட்டுக்கு என்றே வளைத்தது. அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று நீ கேட்கவில்லை. கேட்க மாட்டாய் என்று தெரியும். மூன்று நிறத்தில் ஒட்டு நாடா வைத்திருக்கிறேன், அவளே எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்த மாதம் எனக்கு ஒரு வாரம் விடுப்பு. வரலாமா? நீ சொன்னால் வருகிறேன்.

தங்கை


நவம்பர் 3

தங்கச்சி,

வா. பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுது, நான் நிலையத்தில் நிற்பேன். ஒரு வாரம் போதாது என்று உன் அண்ணி சொல்கிறாள். அலமாரிக் கதவைத் துடைத்துவிட்டாள், ஆள் வரும்போது வீடு வீடாக இருக்க வேண்டுமாம். நான் மறுபடி வரைந்துவிட்டேன். இரண்டு நாளாக இதுதான் எங்கள் வீட்டுச் சண்டை.

பித்தளை அளவுகோலை நேற்றுக் காலை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். மூன்று நாடாவில் எதையும் எடுக்கவில்லை. பித்தளை நிறமே நன்றாக இருக்கிறது என்றாள்.

கடைசி பத்து நிமிடம் எல்லோருக்கும் ஒரு கணக்குக் கொடுத்தேன், நாற்கரம் வரைவது. அவள் கணக்கைப் பார்க்கவே இல்லை. நோட்டைத் திறந்தாள். மணிக்கட்டை மேட்டில் வைத்தாள், அழுத்திப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் இருந்தவள் பழக்கத்தில் பிடிக்கக் கை நீட்டினாள். இவள் முழங்கையால் ஓர் இடி. பிறகு அதற்குக் கீழே ஒரு கோடு. அதற்குக் கீழே இன்னொன்று. ஒரே இடைவெளி, ஒரே நீளம். நான் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து அவள் பின்னால் போய் நின்றேன். அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தின் பாதிக்கு வந்திருந்தாள். நாக்கு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மணி அடித்தது. மற்றவர்கள் எழுந்தார்கள். நான் எழுந்தவர்களை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவள் எழவே இல்லை, பக்கத்தின் அடிக்கு வந்துகொண்டிருந்தாள். அடுத்த பாடத்துக்கு வந்த வரலாற்று ஆசிரியர் புத்தகங்களோடு வாசலில் வந்து நின்று, தொண்டையைக் கனைத்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றேன், "இன்னும் நாலு கோடு இருக்கு."

அண்ணன்